வெள்ளைக்குக் கீழே மஞ்சள்

பொங்கல் நெருங்கினால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாடகை வீடுகளுக்கு வெள்ளையடிக்கும் வேலை மும்முரமாகும். விடுமுறைகளில் பெயிண்டருக்கு உதவியாளாகச் செல்பவன் என்ற உரிமையில் ஒன்று சொல்வேன். ஆண்டுக்கணக்காகப் பீடியும் சிகரெட்டும் புகைந்த அறைக்கு நேரே சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடிப்பது வீண் செலவு. ஈரம் பட்டதும் புகைக்கறை ஊறி மேலே கசியும். காய்ந்தபின் வெண்மையின் நடுவே மஞ்சள் பல்லிளிக்கும்! பழைய சுண்ணாம்பைச் சுரண்ட வேண்டும். பெயிண்ட் சுவரானால் சலவைச் சோடா நீரால் தேய்த்துக் கழுவி உலரவிட வேண்டும். பிறகு எண்ணெய்ப் பிரைமரோ, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கோ ஒரு பூச்சு. அதன்மேல்தான் வர்ணம்.

தொழிலாளிக்கு இது தெரியாததன்று. கழுவும் நாளுக்குக் கூலி கேட்டால், "சும்மா அடிச்சிட்டுப் போப்பா" என்கிறார் வீட்டுக்காரர். அழகு மட்டுமா இதில் அடங்கியிருக்கிறது? சுவரில் படிந்த நிகோடின், அறைக்காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோய் விளைக்கும் பொருள்களை உண்டாக்குவதை அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தார் 2010-இல் வெளியிட்டனர். அடுத்துக் குடிவருவோரின் குழந்தை அந்தச் சுவரைப் பிடித்துத்தான் நடை பழகும். பொது இடங்களில் புகைப்பதற்கு 2008-இல் தடை வந்தது. வாடகை வீட்டின் சுவரைக் கேட்பார் யார்? கழுவும் நாளின் கூலி வீட்டுக்காரர் பொறுப்பே. அட்வான்ஸ் பேசும்போதே குடிவருவோர் இதையும் கேட்டுவிடட்டும்.