காதுக்கு இடமுண்டு, முதுகுக்கு இல்லை

லாரி ஓட்டுநர் ஒருவர் சாலை விபத்தில் காலை இழந்தால் அது பணியில் நேர்ந்த இழப்பு. இருபது ஆண்டுகள் ஓட்டி முதுகெலும்பின் வட்டு தேய்ந்து எழ முடியாமற்போனால் அது அவருடைய சொந்த நோய். வயதாகிவிட்டது என்று உரிமையாளர் கணக்கை முடித்துவிடுகிறார்.

உண்மை வேறு. அமர்ந்திருக்கும் மனிதரின் முதுகெலும்பு, நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 6 முறை நிகழும் மேல்கீழ் அதிர்வுக்கு மிகுதியாக உடன் அதிர்கிறது. குண்டும் குழியுமான சாலையில் கனரக வாகனத்தின் இருக்கை தருவது பெரும்பாலும் இத்தகைய அதிர்வையே. எலும்புகளுக்கிடையிலுள்ள வட்டுகளுக்கு நேரடி இரத்த ஓட்டம் மிகக் குறைவு. அழுத்தமும் தளர்வும் மாறிமாறி வரும்போதுதான் ஊட்டம் உள்ளே ஊறுகிறது. பல மணி நேரம் அசையாது அமர்ந்தால் அது தடைப்படுகிறது. அந்நிலையில் இறங்கியவுடன் சுமை தூக்குவது மேலும் கேடு. வீடுகளுக்குச் சமையல் எரிவாயு கொண்டுசெல்லும் தொழிலாளி நாள்தோறும் செய்வது இதைத்தான். 14.2 கிலோ வாயு, உருளையின் எடையும் சேர்ந்தால் 30 கிலோவை நெருங்கும். அதை மாடிப்படியில் தோளில் ஏற்ற வேண்டும். வண்டி ஓட்டுவது ஒரு வேலை, தூக்குவது வேறு வேலை என்று பார்க்கும் நிர்வாகத்துக்கு, இரண்டும் ஒரே முதுகில் விழுவது தெரிவதில்லை.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வரம்பிட்டது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களை அது தானாகக் கட்டுப்படுத்தவில்லை. டிரிப் கணக்கில் கூலி பெறுபவருக்கோ அந்த வரம்பு பெரும்பாலும் ஏட்டளவில்தான். அச்சட்டமும் இன்று பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தொகுப்பில் கரைக்கப்பட்டுவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள அத்தொகுப்பின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்கு அறிவிக்க வேண்டிய 29 நோய்கள் உள்ளன. ஈய நச்சு உண்டு, சிலிக்கோசிஸ் உண்டு, இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும் உண்டு. தசை, எலும்பு, மூட்டு நோய் ஒன்றுகூட இல்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய பட்டியலிலோ இவை தனிப்பிரிவாகவே இடம்பெற்றுள்ளன. அட்டவணையில் இல்லாததை மருத்துவர் அறிவிக்கக் கடமைப்பட்டவர் அல்லர்; அறிவிக்காததற்குக் கணக்கில்லை; கணக்கில்லாத நோய்க்கு நிவாரணமும் இல்லை. உணவு விநியோகிக்கும் இருசக்கர வாகனத் தொழிலாளிக்கு முதலாளி யார் என்பதே இன்னும் தீரவில்லை.

புதிய கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாக்கப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆனால் வெப்பம் தணிந்ததால் இருக்கையின் குலுக்கல் தணியாது. குளிர்ந்த அறையில் இன்னும் நான்கு மணி நேரம் ஓட்டலாமே என்று உரிமையாளர் கேட்கவும் கூடும்.

சங்கங்களின் கோரிக்கைகளில் கூலியும் பேட்டாவும் முன்னே நிற்பது இயல்பு. பசி முதலில் பேசும். எனினும் 2024 ஜனவரியில், விபத்து ஏற்படுத்திவிட்டுத் தப்புவோருக்கான கடுந்தண்டனைப் பிரிவை எதிர்த்து ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தியபோது, அப்பிரிவை ஒன்றிய அரசு நிறுத்திவைக்க நேர்ந்தது. மூன்றாம் அட்டவணையைத் திருத்தும் கோரிக்கைக்கும் அந்த வலிமை வேண்டும். அதற்கான சான்றைக் கிளைச் சங்கங்களே திரட்டத் தொடங்கலாம்: எத்தனை ஆண்டு, எந்த வண்டி, எவ்வளவு சுமை, எப்போது முதல் வலி. இதற்கு ஒரு குறிப்பேடு போதும்.