வாசனைக்கும் ஓர் இயந்திரமா?

கைப்பேசியைத் தட்டினால் வீடு மணக்கிறது! மங்கலம்பேட்டையில் இருந்தபடியே இந்த வாசனைக் கருவியைத் தருவித்துக் கொள்ளலாம். வாங்கலாமா, வேண்டாமா?

கருவிக்குள் தண்ணீர் இருக்கிறது. அதில் சில சொட்டு வாசனை எண்ணெய். அடியில் ஒரு தகடு வெகு வேகமாக அதிருகிறது. தண்ணீர் பனி போல மேலே எழும்புகிறது. அவ்வளவுதான்!

இதில் ஒரு நன்மை உண்டு. சாம்பிராணி, ஊதுவத்தி போலப் புகை வராது. இளைப்பு நோயாளிகளுக்குப் புகை ஆகாது அல்லவா?

ஆனால், கடும் வாசனையும் சிலருக்கு இளைப்பை உண்டாக்கும். எண்ணெய்ப் புட்டியிலும் ஆபத்து இருக்கிறது. கற்பூர எண்ணெயையோ யூகலிப்டஸ் எண்ணெயையோ குழந்தை குடித்துவிட்டால் வலிப்பு வரலாம். உயிருக்கே மோசம்!

இன்னொன்று. எந்த வாசனைக்கும் நம் மூக்கு சில நிமிடங்களில் பழகிவிடும். பிறகு மணம் தெரியாது. எண்ணெய் மட்டும் தீர்ந்து கொண்டே இருக்கும்.

வீட்டில் நாற்றம் ஏன் வருகிறது? மழைக்கால ஈரம், காயாத துணி, மூடிய சன்னல். கருவி அதை மறைக்கும், போக்காது. சன்னலைத் திறந்தால் போகும். அதற்குக் காசு வேண்டாம்.

மணமும் வேண்டுமா? நம் கடலூர்க் கடற்கரை மணலில் வெட்டிவேர் விளைகிறது. வெயில் காலத்தில் ஒரு பிடி வேரை நனைத்துச் சன்னலில் தொங்கவிடுங்கள். மழைக்காலத்தில் காய்ந்த வேரைத் துணிப் பெட்டியில் வையுங்கள். வீடும் மணக்கும், உழவருக்கும் நாலு காசு கிடைக்கும்.

கருவி வேண்டாம். சன்னலும் வெட்டிவேருமே போதும்!