உப்பு மாவில் ஒரு நட்சத்திரம்



'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பார்கள். உப்பு கூடிப்போன பண்டமும் குப்பைக்குத்தான் போகும். ஆனால், இரண்டு பங்கு மாவுடன் ஒரு பங்கு உப்பைச் சேர்த்துப் பிசைந்தால், அது கிறிஸ்துமஸ் மரத்திலேயே ஏறித் தொங்கும்! உப்பு மாவு பொம்மைகளைத்தான் சொல்கிறேன்.

டிசம்பர் பிறந்தால் கடைகளில் பிளாஸ்டிக் நட்சத்திரங்களும் பளபளக்கும் உருண்டைகளும் தொங்குகின்றன. அவற்றை வாங்குவது தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால், மரத்தில் பத்து பொருள்களை மாட்டினால் அதில் இரண்டாவது நீங்களே செய்ததாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இது கிறிஸ்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்வதல்ல. தோழன் வீட்டு மரத்துக்கு உங்கள் கையால் ஒரு நட்சத்திரம் செய்து கொடுத்துப் பாருங்கள். அதைவிட நல்ல பரிசு வேறு ஏது?

செய்வது எளிது. இரண்டு டம்ளர் மைதா அல்லது கோதுமை மாவு, ஒரு டம்ளர் தூள் உப்பு. தண்ணீரை ஒரே முறையாகக் கொட்டாமல், சிறிது சிறிதாகத் தெளித்துச் சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள். கல் உப்பு என்றால் பொடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பொம்மை சொரசொரப்பாகிவிடும். கால் அங்குல கனத்துக்குத் தேய்த்து, டப்பா மூடியால் வட்டமாக வெட்டுங்கள். கயிறு கோக்க ஈரத்திலேயே துளை போட்டுவிடுங்கள். காய்ந்தபின் துளைத்தால் உடைந்துவிடும். மூன்று, நான்கு நாள் வெயிலில் திருப்பித் திருப்பிக் காயவைத்து, பிறகு வண்ணம் பூசுங்கள்.

மாவு கெட்டுப்போகாதா? உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்வதால் பூஞ்சைக்கு அங்கே எளிதில் இடம் கிடைக்காது. ஊறுகாய் கெடாமல் இருப்பதும் இப்படித்தான். ஆனால், மழை நாளில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்களே, அதுபோல இந்தப் பொம்மையும் ஈரக் காற்றில் நெகிழும். நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் எட்டிப் பார்க்கும். அதனால் நல்ல வெயில் நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள். மேலே வார்னிஷ் பூசுவதைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். பண்டிகை முடிந்ததும் மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள்.

முக்கியமான ஒன்று: இதைத் தின்னக் கூடாது. இவ்வளவு உப்பு உடலுக்குக் கேடு. தவழும் குழந்தைக்கும் வளர்ப்பு நாய்க்கும் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். நாய் தின்றால் அதன் உயிருக்கே ஆபத்தாகலாம்.

'சாப்பிடும் மாவை விளையாட்டில் வீணாக்கலாமா?' என்று பாட்டி கேட்பார். நியாயமான கேள்விதான். வண்டு விழுந்து சமைக்க உதவாத மாவு வீட்டில் இருந்தால் அதைச் சலித்து எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாதி அளவில் செய்யுங்கள். பத்து பொம்மைக்கு அதுவே போதும்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்கிறீர்களா? செய்து பார்த்தவனுக்குத்தான் செய்பவனின் அருமை தெரியும். எங்கள் காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு என்றே ஒரு தெரு உண்டு. களிமண்ணையும் காகிதக் கூழையும் அச்சில் அழுத்தி, காயவைத்து, வண்ணம் தீட்டி, கொலு பொம்மைகளை அங்கே செய்கிறார்கள். பட்டுச் சேலையோ, வேலைப்பாட்டைப் பொறுத்து ஒன்றை நெய்து முடிக்கப் பத்து நாள், பதினைந்து நாள் ஆகும். கடையில் மின்னும் கண்ணாடி உருண்டைகூட இப்படிப்பட்ட ஒரு கைத்தொழில் ஊரில் பிறந்ததுதான். ஜெர்மனியின் லௌஷா என்ற ஊரில், 19ஆம் நூற்றாண்டில், கண்ணாடி ஊதும் தொழிலாளர்கள் தங்கள் வீடுகளிலேயே அவற்றைச் செய்தார்கள். ஒரே ஒரு மாவு மயில் செய்து, அதன் கழுத்து இரண்டு முறை ஒடிந்து, மூன்றாம் முறை ஒட்டவைத்த பிள்ளை, பொம்மைக்காரரிடம் 'இதற்கா இவ்வளவு விலை?' என்று கேட்காது.

எங்கள் ஊர்ப் பெற்றோர் சிலருக்குக் கைவேலை என்றாலே பிடிக்காது. அதற்குக் காரணம் உண்டு. கோர்வைச் சேலை நெய்ய நெசவாளருடன் இன்னொருவரும் தறியில் உட்கார்ந்து நாடா கொடுக்க வேண்டும். 1990களில்கூட அந்த இடத்தில் பள்ளிக்குப் போக வேண்டிய சிறுவர்கள் பலர் உட்கார்ந்திருந்தார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயதுவரை பள்ளிப் படிப்பு உங்கள் உரிமை என்று அது சொல்கிறது. 'என் பிள்ளையின் கையில் இனிப் புத்தகம் மட்டும்தான்' என்று அந்தப் பெற்றோர் நினைப்பது எனக்குப் புரிகிறது. ஆனால், கூலிக்காகக் கை தேய்வது வேறு, ஆசைக்காக மாவு பிசைவது வேறு. முன்னது குழந்தைப் பருவத்தைப் பறிப்பது. பின்னது குழந்தைப் பருவமேதான். ஒன்றுக்குப் பயந்து மற்றொன்றையும் விட்டுவிடக் கூடாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பள்ளியில் கைவேலைப் பொருள் கொண்டுவரச் சொன்னால், வருவதில் பாதி அம்மா செய்ததாக இருக்கும்! ஓர் ஆசிரியையாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தயவுசெய்து பிள்ளையின் கையிலிருந்து மாவைப் பிடுங்காதீர்கள். நட்சத்திரத்துக்கு நாலு முனைதான் வந்ததா? இருக்கட்டும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. கோணல் நட்சத்திரத்தை மரத்தின் பின்பக்கம் ஒளிக்காமல் முன்னால் மாட்டுங்கள்.

குழந்தைகளே, பனி மனிதனைத்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. நம் ஊரில் பனி கொட்டியதே இல்லையே! சேலைக் கரையில் நீங்கள் பார்க்கும் மாங்காய், அன்னம், மயில், யாளி எல்லாம் மரத்தில் அழகாகத் தொங்கும். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள், அறுந்த பட்டு நூலைக் கேட்டு வாங்கி மாட்டும் கயிறாக்கலாம். ஜரிகைத் துண்டை மட்டும் கேட்காமல் தொடாதீர்கள். அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. அதன் கழிவுக்கும் விலை உண்டு.

என்ன, மாவைப் பிசையலாமா? முதலில் கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள்!