வாவியின் மேல் ஒரு சின்னப் பாலம்

கல்லடிப் பழைய பாலத்தை 1924இல் கட்டினார்கள். 2013இல் பக்கத்திலேயே அகலமான புதிய பாலம் திறக்கப்பட்டது. ஆனாலும் மட்டக்களப்புக்குப் போனால் பழைய பாலத்தில் நடக்கத்தான் எனக்கு ஆசை. நின்று தண்ணீரைப் பார்க்கலாம். பௌர்ணமி இரவில் மீன் பாடுமாமே, அதைக் கேட்க உம்மா இதுவரை கூட்டிப்போகவில்லை என்பது வேறு கதை.

எங்கள் பக்கத்தில் வாவி குறுகும் இடமொன்று இருக்கிறது. அக்கரையில் உம்மும்மாவின் வீடு. கண்ணுக்குத் தெரியும் அந்த வீட்டுக்குப் பிரதான வீதியால் சுற்றித்தான் போக வேண்டும். சென்ற வருடம் அந்த வீதியில் ஒரு பஸ் உரசிக்கொண்டு போனதில் சைக்கிளோடு வடிகானுக்குள் விழுந்தேன். முழங்கைக் காயம் ஆறிவிட்டது. சைக்கிள் மட்டும் வாப்பாவின் கட்டளைப்படி இன்னும் விறாந்தையில் நிற்கிறது.

அந்த இடத்தில் பாதசாரிகளுக்கும் துவிச்சக்கர வண்டிகளுக்கும் மட்டுமான பாலம் வேண்டும் என்பது என் கருத்து. ஆட்டோ நுழையாதபடி இரு முனையிலும் கட்டை நட வேண்டும். "போடுவதென்றால் வாகனமும் போகட்டுமே" என்கிறார் மாமா. வாகனம் வந்தால் வீதி அகலும், கரையில் கடைகள் வரும், கண்டல் மரங்கள் போய்விடும். இறாலும் மீன்குஞ்சும் வளர்வது அந்த வேர்களுக்கிடையில்தான்.

தூண்கள் குறைவாக இருந்தால் நீரோட்டம் தடைப்படாது. தோணி போகப் பாலம் உயர வேண்டும்; உயர்ந்தாலோ உம்மும்மாவால் ஏற முடியாது. இருபது அடிக்கு ஓர் அடி என்று மெதுவாக ஏறும் சரிவு போதும். ஆனால் சரிவு நீளும். அதைக் கண்டலுக்குள் இறக்காமல் வீதியோரத்திலிருந்தே தொடங்க வேண்டும். பலகைகளைக் குறுக்காகப் பதிக்க வேண்டும். நெடுக்காகப் பதித்தால் இடைவெளியில் சில்லு சிக்கும். இடைவெளி அவசியம், கீழே உள்ள செடிகளுக்கு வெயில் வேண்டுமே!

விளக்கில்தான் எனக்கே தடுமாற்றம். வெளிச்சம் மரத்தில் அடையும் பறவைகளைக் குழப்பும். இருட்டுப் பாலத்தில் எந்தப் பெற்றோர் மகளை விடுவார்கள்? பாதத்தை மட்டும் பார்க்கும் தாழ்ந்த விளக்குகள், இஷாத் தொழுகை முடிந்து ஆட்கள் வீடு சேரும்வரை எரியட்டும்.

படம் கீறி வாப்பாவிடம் காட்டினேன். கைப்பிடி எவ்வளவு உயரம் என்று மட்டும் கேட்டார். சைக்கிளில் இருந்து சரிந்தாலும் தண்ணீரில் விழாதபடி 1.4 மீற்றர் என்றேன்.