கடற்கரையை அளந்து எழுதி வையுங்கள்!



ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூரில் இருப்பவர்களைக் கேட்கிறோம். உங்கள் கடையும் குடோனும் கடலிலிருந்து எத்தனை அடி? "பக்கம்தான்" என்பீர்கள். அந்தப் பதில் எந்த ஆபீசிலும் செல்லாது!

கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை 1991ல் வந்தது. 2011லும் 2019லும் மாற்றினார்கள். மாறாதது ஒன்று உண்டு. கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லைக்கு ஒரு கோடு போடுகிறார்கள். அதிலிருந்து 500 மீட்டருக்குள் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்பது அந்தக் கோட்டை வைத்துத்தான். பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட நினைப்பவருக்கு இதன் அருமை புரியும்.

வடசென்னைக் கரை ஏன் தேய்ந்தது? 1876ல் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். இந்தக் கரையோர மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. சுவர் அதை மறித்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே கடல் நிலத்தைத் தின்றது. கல் கொட்டினார்கள். கல் முடிந்த இடத்திலிருந்து அலை அடுத்த பகுதியைப் பிடித்துக்கொண்டது. மெரினாவில் காற்று வாங்குவோர் அது யார் வீட்டு மணல் என்று யோசிக்கட்டும்!

2023 ஆகஸ்டில் கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைவு பற்றிச் சென்னையில் கருத்துக் கேட்டார்கள். எங்கள் ஊர்களே வரைபடத்தில் விடுபட்டுள்ளன என்று மீனவர்கள் எதிர்த்தார்கள். நம்மில் எத்தனை பேர் போனோம்?

செயற்கைக்கோள் படத்தில் கரை தெரியும். கடல் ஏறிய நேரத்தில் பெய்த மழை, வடிய வழியின்றி உங்கள் தெருவுக்கே திரும்புவது தெரியுமா? அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தெருவுக்கு இரண்டு இளைஞர்கள் போதும். அசையாத பழைய சுவர் ஒன்றை அடையாளம் வையுங்கள். அங்கிருந்து அலை நனைத்த இடம் வரை டேப் பிடித்து அளங்கள். கல் கொட்டிய இடமென்றால், எத்தனையாவது கல் வரை அலை ஏறியது என்று எழுதுங்கள். பிறை பார்க்கும் சமுதாயத்துக்கு நாள் சொல்லித் தர வேண்டியதில்லை. தலைப்பிறையை ஒட்டியும் பதினான்காம் பிறையை ஒட்டியும்தான் கடல் அதிகம் ஏறும். தேதி, நேரம் குறித்து, அதே இடத்தில் நின்று செல்போனில் படம் எடுங்கள்.

வணிகர்களே, பேரேடு எழுதிப் பழகிய கை உங்களுடையது. அந்த நோட்டு உங்கள் கடையில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரு பிரதி மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் போகட்டும். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்!