உப்பு, ரொட்டி, சம்பளம்: சிறுநீரகத்தைக் காப்பது சங்கத்தின் வேலையும்தான்



சிறுநீரக நோய் என்றதும் நம்மில் பலருக்கு அனுராதபுரமும் பொலனறுவையும்தான் நினைவுக்கு வருகின்றன. 1990களில் இருந்து அங்குள்ள விவசாயக் குடும்பங்களை வாட்டிவரும், இன்னும் காரணம் உறுதியாகாத நோய் அது. "அது வரண்ட பிரதேசத்து வியாதி, நமக்கு வராது" என்று நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். அந்த நிம்மதிக்கு இடமில்லை. உலகம் முழுவதும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் முதல் இரண்டு காரணங்கள் நீரிழிவும் பிரஷரும்தான். அவை இரண்டும் இன்று நம் லயங்களுக்குள்ளேயே இருக்கின்றன.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. ஒவ்வொன்றும் மயிரை விட மெல்லிய இரத்தக் குழாய்களின் ஒரு சிறு முடிச்சு. ஆகவே சிறுநீரக நோய் என்பது பெரும்பாலும் இரத்தக் குழாய்களின் நோய்தான். பிரஷர் அந்தக் குழாய்களை அடித்து அடித்துத் தடிக்கவைக்கிறது. இரத்தத்தில் கூடிய சீனி அவற்றின் உட்சுவரை அரிக்கிறது.

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்கும். உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அது. அதையே அழற்சி என்கிறோம். காயம் ஆறியதும் அது அடங்கிவிடும். சிறுநீரகம் பழுதானவரின் உடலிலோ அந்த அழற்சி அடுப்புச் சாம்பலுக்குள் கிடக்கும் தணல் போல அடங்காமலே இருக்கிறது. வெளியேற வேண்டிய கழிவு இரத்தத்தில் தங்குவதால் குழாய்ச் சுவர்கள் விறைத்துப்போகின்றன, சுண்ணாம்பும் படிகிறது. அதனால் இதயமும் மூளையும் பாதிக்கப்படுகின்றன. சிறுநீரக நோயாளிகளில் டயாலிசிஸ் நிலைவரை போகிறவர்களைவிட, அதற்கு முன்னரே இதய நோயாலும் பக்கவாதத்தாலும் இறப்பவர்களே அதிகம்.

இந்தத் தணலை ஊதிவிடுவதும் அணைப்பதும் பெருமளவு நம் சாப்பாடுதான். முதலில் உப்பு. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே உப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் கணக்கைப் பாருங்கள். ரொட்டி மாவில் உப்பு, சம்பலில் உப்பு, கருவாட்டில் உப்பு, ஊறுகாயில் உப்பு, நூடில்ஸ் பக்கெட்டின் சுவைத்தூளிலும் உப்பு. உப்பு கூடினால் பிரஷர் ஏறும், பிரஷர் மாத்திரையின் பலனும் குறையும்.

அடுத்து, பக்கெட்டிலும் டின்னிலும் வரும் சாப்பாடு. கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொஸ்பேற்று உப்புகளை உடல் ஏறக்குறைய முழுவதுமாக உறிஞ்சிக்கொள்ளும். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிவதற்கு இது ஒரு பெரிய காரணம். மூன்றாவது, நார்ச்சத்துக் குறைவு. வெள்ளைக் கோதுமை மாவில் நார் மிகக் குறைவு. கீரை, மரக்கறி, பயறு குறைந்தால் குடலில் உள்ள கிருமிகள் கெட்ட கழிவுகளைக் கூடுதலாக உண்டாக்கும். அவை இரத்தத்தில் கலந்து அழற்சியைக் கூட்டும்.

ஆகவே ரொட்டி மாவில் உப்பைப் பாதியாக்குங்கள். கருவாட்டை ஊறவைத்துக் கழுவி, எப்போதாவது மட்டும் சமையுங்கள். தேசிக்காய், மிளகு, கறிவேப்பிலை, கொறுக்காய் ஆகியவை உப்புக் குறைந்த கறிக்கும் ருசி தரும். தேத்தண்ணியில் சீனியைக் குறையுங்கள். வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் தினமும் தட்டில் இருக்கட்டும்.

ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நோய் முற்றினால் பொட்டாசியம் கூடிய கீரை, வாழைப்பழம், இளநீர் போன்றவற்றைக்கூட அளந்துதான் சாப்பிட வேண்டும். இரத்தப் பரிசோதனையைப் பார்த்து வைத்தியர் சொல்லும் அளவே சரி. காமரங்கா, பிலிம்பிக்காய் இரண்டையும் தொடவே வேண்டாம். சாதாரண உப்புக்குப் பதிலாக விற்கும் பொட்டாசியம் கலந்த உப்பும் ஆபத்து. உடம்பு வலிக்கு டிக்லோபெனாக், இபுபுரோபென் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். அவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, "இனி உங்கள் பொறுப்பு" என்று நான் ஒதுங்கினால் அது நியாயமாகாது. ரொட்டியும் சம்பலும் நாம் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த சாப்பாடு அல்ல. விடியுமுன் எழுந்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு ஓடும் பெண்ணுக்கு வேகமாகச் செய்யவும், மலைக்குக் கட்டிக்கொண்டு போகவும், மத்தியானம்வரை பசி தாங்கவும் உதவுவது அதுதான். நுவரெலியாவில் விளையும் லீக்ஸும் கரட்டும் நம் தோட்டங்களைத் தாண்டித்தான் லொறியில் கொழும்புக்குப் போகின்றன. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோதும், அந்தக் காசில் அரிசி, மா, பிள்ளையின் கொப்பி எல்லாம் போனபின் மரக்கறிக்கு மிஞ்சியது எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும்.

தண்ணீரும் அப்படித்தான். மலையில் மலசலகூடம் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள், சிறுநீரையும் அடக்குகிறார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு அது வழி செய்கிறது. "தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்று கிளினிக்கில் சொல்லும் புத்தி நல்லதுதான். அதைக் கேட்டு நடக்க ஒரு மறைவிடம் வேண்டாமா?

சம்பளமும் வீடும் மட்டுமே சங்கத்தின் வேலை, சாப்பாடு அவரவர் சொந்த விஷயம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டயாலிசிஸுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் ஒருவர் செக்ரோலில் எத்தனை பேர் போட முடியும்? கூடப் போகும் மனைவிக்கோ மகனுக்கோ எத்தனை நாள் நட்டம்? இது சம்பளப் பிரச்சினையே அல்லாமல் வேறென்ன?

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் நான்கு கோரிக்கைகளை எழுதிவைப்போம். வருடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் பிரஷர், சீனி, சிறுநீர்ப் புரதம், இரத்தக் கிரியேட்டினின் பரிசோதனை. அந்த நாளுக்கு முழுப் பேர். ஒவ்வொரு மலையிலும் குடிதண்ணீரும் பெண்களுக்கு மலசலகூடமும். மரக்கறி போட ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரித்தான ஒரு துண்டு நிலம். கிளினிக்குக்குப் போகும் நாளைச் சம்பளத்துடன் கூடிய லீவாகக் கணக்கிடுதல்.

சிறுநீரகம் பாதிக்கு மேல் பழுதாகும்வரை வலிக்காது, வீங்காது, ஒரு அறிகுறியும் காட்டாது. வலி வரட்டும் என்று காத்திருந்தால் நேரம் கடந்துவிடும். கோரிக்கைகள் வெல்லும்வரையும் காத்திருக்க வேண்டாம். நாற்பது வயது கடந்தவர்களும், வீட்டில் யாருக்காவது சீனியோ பிரஷரோ உள்ளவர்களும் இந்த மாதமே தோட்ட மருந்தகத்துக்கோ அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் கட்டணம் இல்லை.