ஒற்றை நாற்காலி

‘யாரோடும் உன்னை ஒப்பிடாதே, உன் பாட்டுக்கு எழுது.’ எழுத வரும் பெண்களுக்கு ஓயாமல் சொல்லப்படும் இந்த அறிவுரை எனக்கு எரிச்சலூட்டுகிறது. நம்மை வரிசையில் நிறுத்தி எண் போட்டவர்கள் வேறு யாரோ. அந்த எண்ணைப் பார்த்துக் கலங்குவது மட்டும் நம்முடைய மனக்கோளாறாம்.

ஒரு கணக்கு பார்ப்போம். தமிழுக்குச் சாகித்ய அகாதெமி விருது 1955இல் தொடங்கியது. 2024 வரை அதைப் பெற்ற பெண்கள் நால்வர்: 1973இல் ராஜம் கிருஷ்ணன், 1984இல் லக்ஷ்மி, 2005இல் திலகவதி, 2021இல் அம்பை. இடைவெளிகள் 11, 21, 16 ஆண்டுகள். வாழ்நாளெல்லாம் சிறுகதை எழுதிய ஆர். சூடாமணி அந்தப் பட்டியலிலேயே இல்லை. இப்படிப்பட்ட இடைவெளிக்குள் எழுதும் ஒருத்தி யாரைப் பார்த்துக் குமைவாள்? விருது வாங்கிக்கொண்டே போகும் ஆண்களைப் பார்த்தா? பெண்ணுக்கென்று எப்போதோ போடப்படும் ஒற்றை நாற்காலியில் தனக்கு முன்னால் உட்காரக்கூடிய இன்னொருத்தியைப் பார்த்துத்தான்.

விருதை விடுங்கள், விமர்சனத்துக்கு வாருங்கள். மாலதி மைத்ரி, குட்டி ரேவதி, சல்மா, சுகிர்தராணி நால்வரையும் ‘பெண்ணெழுத்து’ என்று ஒரே கட்டாகக் கட்டி, யார் அதிகத் துணிச்சல்காரி என்று அளந்தவர்கள் எத்தனை பேர்! ஆண் எழுத்தாளர்களை ஒப்பிட்டால் அதற்குப் பெயர் மரபு. இவர் புதுமைப்பித்தன் வழி, அவர் மௌனி வழி. நாம் ஒப்பிட்டால் குழாயடிச் சண்டை.

சேதம் எழுத்தில்தான் விழுகிறது. என்னிடம் பிரதியைக் காட்ட வரும் மாணவிகளிடம் இதைப் பார்க்கிறேன். ஒருத்தியின் உடல்சார்ந்த கவிதை பேசப்பட்டுவிட்டால், மாட்டுத்தொழுவத்தை அவ்வளவு அழகாக எழுதிக்கொண்டிருந்தவள் அதை மூடி வைத்துவிடுகிறாள். இன்னொருத்தி, ‘அவளைப் போல இருக்கிறது’ என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, தனக்கு இயல்பாக வந்த வரியையே அடித்துவிடுகிறாள்.

அதற்காக ஒப்பிடாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாக ஒப்பிடுங்கள். பக்கங்களை மட்டுமல்ல, பொழுதையும் சேர்த்து ஒப்பிடுங்கள். திருமணத்துக்குப் பிறகு வீட்டாருக்குத் தெரியாமல், புனைபெயரில், கழிவறையில் ஒளிந்து எழுதியவர் சல்மா. மேசைக்குக் காபி வந்து சேரும் ஒருவரின் புத்தக எண்ணிக்கையோடு அவருடையதை வைத்து எண்ணுவது என்ன ஒப்பீடு? உடன் படித்தவன் இரண்டு தொகுப்பு போட்டுவிட்டானா? அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவியது யார் என்று கேளுங்கள்.

இன்னொரு பெண்ணின் கதை உங்களுடையதைவிட நன்றாக இருந்தால், பென்சிலோடு திரும்பப் படியுங்கள். அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யை அப்படிப் படிக்கலாம். ஓர் இருட்டுச் சமையலறையை வைத்து ஒரு பெரிய குடும்பத்தின் அதிகாரம் முழுவதையும் எப்படிக் காட்டுகிறார் என்று பாருங்கள். அதைக் கற்றுக்கொள்வது திருட்டும் இல்லை, தோல்வியும் இல்லை.

அடுத்த இலக்கியக் கூட்டத்துக்கு ஒரே பெண்ணாக உங்களை அழைத்தால், உங்களுக்குப் போட்டி என்று ஊர் சொல்லும் இருவரின் பெயரைச் சொல்லி, அவர்களையும் கூப்பிட்டால்தான் வருவேன் என்று சொல்லிப் பாருங்கள். மறுமுனையில் என்ன பதில் வருகிறது என்று எனக்கும் சொல்லுங்கள்.